அப்பாவின் குரலுக்கு ஓர் அறை

அப்பா நகரப் பேருந்தின் ஓட்டுநர். வாய் ஓயவே ஓயாது. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, முன் வரிசையில் இருப்பவர்களிடம் ஊர்க்கதை அளப்பார். பணிமனையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எங்கள் தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "ரேடியோ வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் வாசலைக் காட்டும்.

நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. ஆனால் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைச் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். ஆள் உயரத்துக்கு நிற்கும் சலவை இயந்திரங்கள், பிழியும்போது தரையே அதிரும் சுழல் தொட்டிகள், நீராவி சீறும் இஸ்திரி உருளைகள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். அதனால் அம்மாவின் காது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே வெகு நாள் தெரியவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டும் அவள் திரும்பாதபோது, "இவளுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் முதல் அறிகுறி.

காரணம் என்னவென்று மருத்துவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டினார்கள். சில வருடம் ஓடியது. பிறகு அதுவும் பயனற்றுப் போனது. என் கல்யாணத்தின்போது அவளுக்குச் சுத்தமாகக் கேட்காது. யார் எது பேசினாலும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். தூரத்து உறவினர் ஒருவர் அருகில் வந்து தன் மனைவி இறந்துபோனதைச் சொன்னார். அதற்கும் சிரித்தாள். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

அப்பா மட்டும் பேச்சை நிறுத்தவே இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்து உதட்டை நன்றாக அசைத்துப் பேசுவார். பாதிக் கதையில் அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டால், மீதிக் கதையை அவள் முதுகிடம் சொல்லி முடிப்பார்.

"அவங்களுக்குத்தான் கேக்கலையேப்பா, யார்கிட்ட பேசுறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கேக்கலன்னா என்ன, வீட்ல ஆள் இருக்குல்ல?" என்றார்.

பிறகுதான் காக்ளியர் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கருவியின் ஒரு பகுதியைப் பதிப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி உள்காதுக்குள் போகும். வெளியே காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒலியை வாங்கி, மின்துடிப்பாக மாற்றி உள்ளே அனுப்பும். காயம் ஆறிய பிறகு கருவியை இயக்கிவைத்தார்கள். அப்போது அம்மாவுக்கு எதிரே அப்பாதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நான் பேசுறது கேக்குதா?"

அம்மா திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். கண்ணில் நீர் திரண்டது. "தகர டப்பாவுக்குள்ள தவளை கத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

அப்பா அசரவில்லை. "தவளையாவது கேக்குதே, பரவாயில்ல. நாளைக்கு மனுஷனாயிடுவேன்."

நாளைக்கே அது நடந்துவிடவில்லை. மாதக்கணக்கில் ஆனது. தினமும் சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். "மந்திரி திறந்து வைத்தார்" என்று அவர் படித்தால் "முந்திரி பறந்து போச்சு" என்பாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தவளை போய்ப் பழைய அப்பா வந்தார். அந்தச் சின்னச் சமையலறைக்குள் அவர் சொல்வது ஒன்றுவிடாமல் அவளுக்குப் புரிந்தது.

சமையலறைக்கு வெளியே கதையே வேறு. தெருவில், கடையில், நாலு பேர் கூடிய இடத்தில், எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழைந்துபோகும். சலவைக் கூடத்தில் அவளால் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கவே முடியவில்லை. கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிட்டுத்தான் விரிப்புகளை மடிப்பாள்.

கருவியைச் சரிபார்க்கப் போன ஒருநாள், காதுப் பரிசோதனை நிபுணரிடம் இதைக் கேட்டாள். அவர் என் வயதுப் பெண். பொறுமைசாலி.

"கேக்குது, ஆனா புரியல. அது ஏன் கண்ணு?"

அந்தப் பெண் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். "கேக்குற காதுல ஆயிரக்கணக்கான நுண்ணிய நரம்பு முனைகள் வேலை செய்யும்மா. உங்க கருவியில கொஞ்சம் முனைகள்தான். அதனால உங்களுக்குக் கிடைக்கிறது முழுப் படம் இல்ல, கோட்டுப் படம்." வெள்ளைத் தாளில் ஒரு முகத்தை வரைந்து காட்டினார். "இப்ப தெரியுதில்ல? இதையே ஏற்கெனவே கிறுக்கி வச்ச தாள்ல வரைஞ்சா?" என்று கேட்டுவிட்டு அந்த முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தார். முகம் காணாமல் போனது. "கிறுக்கலைக் குறைக்கத்தான் நாங்க பாடுபடுறோம். கருவியிலயே இரைச்சலைக் குறைக்கிற வசதி இருக்கு. அது ஓரளவுக்குத்தான் செய்யும்."

சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன மைக்கையும் காட்டினார். பேசுகிறவர் அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டால், இடையில் உள்ள சத்தங்களைத் தாண்டி அவர் குரல் நேராக அம்மாவின் கருவிக்குப் போய்விடுமாம். அப்பா கையை உதறினார். "மைக் மாட்டிக்கிட்டுப் பொண்டாட்டிகிட்ட பேச நான் என்ன மேடைப் பேச்சாளனா? எங்களுக்குச் சமையக்கட்டு போதும் டாக்டரம்மா."

உண்மையில் போதுமாகத்தான் இருந்தது, அப்பாவின் மூச்சு நன்றாக இருந்தவரைக்கும்.

ஓய்வு பெற்றதற்கு அடுத்த வருடம் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையிலும் வாங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, இதைத் திருப்ப முடியாது, தள்ளிப்போட மட்டுமே முடியும் என்றார்கள். வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. நான் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அம்மாவும் விடுப்பு எடுத்திருந்தாள்.

முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அப்பாவின் கட்டிலைப் போட்டிருந்தோம். போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பொழுதுபோகும் என்று நினைத்தோம். கட்டிலுக்கு அருகிலேயே அந்த இயந்திரம், ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு. 'டுப்' என்று ஒரு இடி இடித்து, 'புஸ்' என்று பெருமூச்சு விடும். இடைவிடாத உறுமல் வேறு. மேலே மின்விசிறி. எதிர்வாடையில் அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், நூலாக இளைத்துப்போன அப்பாவின் குரல்.

எனக்கே குனிந்தால்தான் கேட்டது. அம்மாவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. உதட்டைப் பார்த்தும் பயனில்லை. மூச்சுக்குத் தவிக்கிற வாய் எழுத்துகளுக்குப் பழையபடி வளைந்துகொடுக்கவில்லை. கருவியில் இரைச்சல் குறைக்கும் அமைப்பை மாற்றிப் பார்த்தாள். உறுமல் சற்று அடங்கியது, அதோடு அப்பாவின் குரலும் அடங்கிவிட்டது. காற்றாகவே வந்த அந்தக் குரலையும் கருவி இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது போலும்.

அம்மா பழையபடி தலையாட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

அப்பா அதைக் கவனித்துவிட்டார். நான் தலையணையைச் சரிசெய்யும்போது என் காதருகே சொன்னார்: "அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது கேக்காதப்ப சிரிக்கிற சிரிப்பு."

ஒரு மதியம் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னவோ குறைவதாகப் பட்டது. பட்டறையில் சாப்பாட்டு நேரம். வீட்டுக்குள்ளே இயந்திரத்தின் சத்தமும் இல்லை. உள்ளே ஓடினேன். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல வாரமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

பாய்ந்து போய் இயந்திரத்தைப் போட்டேன். அம்மா பதறி எழுந்தாள்.

"மெஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கணும்னு கம்பெனிக்காரர் சொன்னதாச் சொன்னாரேடி!"

"யாரும் சொல்லலம்மா. அவரா அணைச்சிருக்கார்."

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் விரல்களின் நுனியைப் பார்த்தாள். வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தில் விழுந்ததால் அவருடைய நிறம் மாறியதைக் கவனித்திருக்க வேண்டியவள் அவள்தான். அவளோ அவர் குரலில் லயித்திருந்தாள். அதுதான் அவளை அதிகமாக வதைத்தது என்று பின்னாளில் சொன்னாள்.

"உங்க மூச்சை வித்து எனக்குப் பேச்சு வாங்கித் தரீங்களா?" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான் கேட்டேனா? எனக்கு வேணும்னு உங்ககிட்ட கேட்டேனா?"

அப்பா மூச்சுக்குத் தவித்தார். வெகுநேரம் கழித்து, மூச்சு சீரான பிறகு, என் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லச் சொன்னார்: "ரெண்டு வார்த்தை தெளிவா பேசிக்கலாம்னு பார்த்தேன். அவ்வளவுதான்னு சொல்லு."

நான் அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று அதைச் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அந்த நிபுணரிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். பிறகு கருவியைக் கணினியோடு இணைத்து, மெல்லிய குரலை அமுக்கிவிடாதபடி ஓர் அமைப்பைச் செய்து கொடுத்தார்.

"ஆனா இது மட்டும் போதாதும்மா. சத்தம் உங்க காதுக்கு வந்த பிறகு அதைப் பிரிக்கிறது கஷ்டம். அது பொறக்குற இடத்துலயே குறைங்க. வெறும் சுவர்ல சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும். துணி தொங்கவிட்டா அடங்கும். நீங்க கருவி இருக்கிற பக்கமா, அவருக்குக் கிட்ட உட்காருங்க. அப்புறம் இது" என்று அந்தச் சின்ன மைக்கை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். "இங்க பயிற்சிக்கு வச்சிருக்கிறது. தேவைப்படுற வரைக்கும் வச்சுக்கோங்க."

திரும்பி வந்ததும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கருவியை மாட்டியபடியே வீடு முழுக்க நடந்தாள். ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று கேட்டாள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு காதில்தானே கருவி. அதனால் நான் ஒவ்வொன்றாக அணைத்தேன். "இப்ப?" என்பேன். "ம், ஒண்ணு குறைஞ்சுது" என்பாள்.

சாமான்கள் அடைத்து வைத்திருந்த பின்னறையைக் காலி செய்தோம். அது தெருவுக்கு எட்டாத அறை. அதன் சுவரை ஒட்டி நின்ற குளிர்சாதனப் பெட்டியை முன்னறைக்குத் தள்ளினோம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினோம். கழிவாகத் தள்ளிய ஆஸ்பத்திரிக் கம்பளிகள் சலவைக் கூடத்தில் கிடந்தன. அம்மா மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்து, இரண்டு சுவரில் தொங்கவிட்டாள். ஆக்ஸிஜன் கம்பெனியின் ஆள் வந்து நீளமான குழாயைப் பொருத்தி, இயந்திரத்தை நடைவழிக்கு மாற்றி, அந்தக் கடைசி முனையிலும் காற்று சரியான அளவில் வருகிறதா என்று சோதித்தார். இயந்திரத்தின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தலாமா என்று அம்மா கேட்டாள்.

"ஐயோ, வேணாம்மா. அதுக்கும் மூச்சு வேணும். அடியில ரப்பர் விரிப்பு போடுங்க, அதிர்வு குறையும். குழாய் மடங்காம பார்த்துக்கோங்க."

மீதி இருந்தது பட்டறை. அம்மா தெருவைத் தாண்டிப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பட்டறைக்காரர் ஒரு வண்டிக் கதவின் மேல் சுத்தியலை இறக்கிக்கொண்டிருந்தார். முரட்டு ஆள் என்று பெயர்.

"தம்பி, ஒரு விஷயம்."

"சத்தமா சொல்லுங்கக்கா! தட்டித் தட்டி எனக்குக் காது மந்தம்!"

"எனக்குக் காதே இல்லப்பா! சுத்தியலைக் கீழ வை!"

இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கத்தினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. விஷயம் பிடிபட்டதும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். "தட்டுற வேலைய காலையில முடிச்சிடுறேன்க்கா. மத்தியானத்துக்கு மேல பட்டி பூசுறது, பெயிண்ட் அடிக்கிறது மட்டும். ரேடியோ அண்ணன் பேசட்டும்."

மறுநாள் மதியம் அப்பாவைப் பின்னறைக் கட்டிலில் சாய்த்து, சட்டைக் கழுத்தில் மைக்கைக் குத்தினேன். அம்மா அவருக்கு அருகில் உட்கார்ந்தாள். அப்பா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு, வாயருகே இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"அன்பார்ந்த... வாக்காளப் பெருமக்களே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "கேக்குது. நல்லாக் கேக்குதுங்க" என்றாள்.

அதன் பிறகு மதியங்கள் அவர்களுடையவை. ஒரு வாக்கியம், ஓய்வு, அடுத்த வாக்கியம். பெரிய விஷயம் எதையும் அவர் பேசவில்லை. எந்த வழித்தடத்தில் எந்தத் திருப்பம் மோசம், பணிமனை மேலாளரின் பொய்ப்பல் சூப்புக் கிண்ணத்தில் விழுந்த கதை, இப்படி.

ஒருநாள் அம்மா கேட்டாள்: "எனக்குக் கேக்காத அந்த வருஷமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால அவ்வளவு பேசுனீங்களே, என்னதான் சொன்னீங்க?"

"எல்லாம் சண்டைதான். எல்லாத்துலயும் நான்தான் ஜெயிச்சேன்."

அம்மா சிரித்தாள். அவர் ஓய்வெடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒரு நாள் மட்டும் அழுதேன். நீ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த. பக்கத்துலயே இருக்கா, ஆனா எங்கயோ போயிட்டாளேன்னு இருந்துச்சு. நீ திரும்புறதுக்குள்ள முகத்தத் துடைச்சிக்கிட்டேன்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மைக்கைக் கழற்ற அவர் விடவில்லை. அதனால் அம்மா சமையலறையில் இருந்தாலும், கொல்லையில் துணி உலர்த்தினாலும் அவருடைய மூச்சு அவள் காதுக்குள்ளேயே இருந்தது. அதை மறந்துவிட்டு அப்பா ஒருநாள் என்னிடம் ரகசியம் பேசினார்.

"எனக்கப்புறம் அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத. உன் வீட்ல பிள்ளைங்க, டிவி, வர்றவங்க போறவங்கன்னு எப்பவும் கலகலப்பு. நல்லதுதான். ஆனா அவ அதுக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அது வேணாம். அவ வீட்ல அவ இருக்கட்டும். நீ அடிக்கடி வா. வந்து, கதவச் சாத்திட்டு, பேசு."

நான் பதில் சொல்வதற்குள் அம்மா கரண்டியோடு கதவருகே வந்து நின்றாள். "நானும் எங்கயும் போறதா இல்ல" என்றாள்.

அப்பா கழுத்தைக் குனிந்து மைக்கைப் பார்த்தார். "இந்தப் பாவி இருக்கிறத மறந்துட்டேன்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் அவர் பெரும்பாலும் தூங்கினார். ஒரு மதியம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்த மாறுதலும் தெரியவில்லை. சமையலறையிலிருந்து அம்மா ஈரக்கையோடு வேகமாக வந்தாள். "மூச்சு மாறிடுச்சு" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மா குனிந்து என்னவோ பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு நீண்டு, இடைவெளி நீண்டு, அப்படியே அடங்கியது. அடங்கியது எனக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய தோள் தாழ்ந்ததிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

"என்னம்மா சொன்னார்?" என்று பிறகு ஒரு சமயம் கேட்டேன்.

"'கேக்குதா'ன்னார். 'கேக்குதுங்க'ன்னேன்."

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அழுகையும் பேச்சும் நாற்காலி இழுக்கிற ஓசையும் கூரையை முட்டின. அம்மா காதிலிருந்து கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஆறுதல் சொன்னாக்கூட கேட்டுக்க மாட்டேங்குறாளே" என்று ஓர் உறவுக்காரி குறைப்பட்டாள். நான் கருவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டறைக்காரர் மட்டும் மதியங்களில் சுத்தியலைத் தொடாமலே இருந்தார். சில நாள் பார்த்துவிட்டு அம்மாவே எதிர்வாடைக்குப் போனாள். "தட்டுப்பா. வேலையக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் மறுபடியும் சலவைக் கூடத்துக்குப் போகிறாள். அங்கே கருவி இன்னும் டப்பாவில்தான். காலையில் பேருந்துகள் கிளம்புவதற்கு முன், தெரு அமைதியாக இருக்கும்போது, பக்கத்து வீட்டு அக்காவோடு நடக்கிறாள். அக்கா அவளுடைய கருவி இருக்கும் பக்கமாக நடந்துகொண்டே ஊர்வம்பு எல்லாம் பேசுவாள். நான் போகும்போது பின்னறையில் உட்கார்ந்து பேசுகிறோம். கம்பளிகளை அவள் எடுக்கவில்லை.

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, புதிதாகக் கருவி பொருத்திக்கொண்டவர்களிடம் வந்து பேச முடியுமா என்று அந்த நிபுணர் கேட்டாராம். விடுமுறை நாட்களில் போகிறாள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து சலித்துக்கொண்டார்: "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியும் அவ பேசுறது ஒண்ணும் புரிய மாட்டேங்குதும்மா."

"எங்க உட்கார்ந்து பேசுவீங்க?"

"வீட்லதான். டிவி பார்த்துக்கிட்டே."

அம்மா கதவைத் திறந்து அந்த மனைவியை உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். இரண்டு நாற்காலிகளையும் முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டு, அந்த மனைவியைப் பார்த்து, "இப்ப சொல்லு கண்ணு, என்ன சொல்லணும்னு நினைச்சியோ அத" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.